ஊர்தியும் பற்றும்: பொருள் வரைதல் விரதம் பற்றிய ஒரு பாடம்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது பொருள் வரைதல் ஆகும். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை ஆகிய நான்கினையும் ஒருவாறு காத்து வருவோர் கூட இந்த ஐந்தாவது விரதத்தில் தடுமாறுவதை நாம் காண்கிறோம். காரணம் எளிது. ஏனைய நான்கிலும் குற்றம் நிகழும்போது அது குற்றம் என்று நெஞ்சு உடனே சுட்டிக் காட்டும். பொருள் சேர்ப்பதிலோ குற்றம் நன்மையின் உருவில் வருகிறது. குடும்பத்திற்காக என்றும், மதிப்பிற்காக என்றும், ஒருமுறைதானே வாழ்கிறோம் என்றும் அது பேசுகிறது.

அண்மையில் ஒரு சுவாத்தியாயக் கூட்டத்தின் முடிவில் இளைஞர் ஒருவர் எழுந்து ஓர் ஐயத்தை வெளியிட்டார். அவருக்கு வயது இருபத்தாறு. நல்ல வேலையில் இருப்பவர். சிறு வயது முதல் கார்களின் மீது மிகுந்த ஈடுபாடு உடையவர். "ஐயா, நான் விரும்பும் ஸ்போர்ட்ஸ் காரை என்னால் ஒருநாளும் வாங்க இயலாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதன் சாயலில் விரைவாகச் செல்லும் ஒரு காரை இருபது இலட்சம் ரூபாய் கடனில் வாங்க எண்ணி, முன்பணத்திற்குச் சேமித்து வருகிறேன். வீட்டில் சிறிய கார் போதும் என்கிறார்கள். தங்கையின் படிப்புச் செலவும் இருக்கிறது. எனக்கு இரண்டு கேள்விகள். வாங்க இயலாத காரை நினைத்து மகிழ்வது பரிக்கிரகம் ஆகுமா? வாங்க இயலும் காரில் எது வரை போகலாம்?" என்று கேட்டார்.

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். ஆயினும் இது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வி அன்று. நம் வீடுகளில் இன்று வீடு, திருமணம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பெரும்பணம் செலவாகும் இடம் ஊர்தியே. ஆகவே இவ்விதழின் பாடமாக அந்த ஐயத்தையே எடுத்துக் கொள்கிறோம்.

1. பரிக்கிரகம் என்பது யாது?

பரிக்கிரகம் என்பதற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் இலக்கணம் மூர்ச்சை என்பதே. அதாவது 'இது என்னுடையது' என்று மயங்கிப் பற்றிக் கொள்ளும் மனநிலை. பொருள் கையில் இருப்பது மட்டும் பரிக்கிரகம் அன்று. பொருள் மீது மனம் ஒட்டிக் கிடப்பதே பரிக்கிரகத்தின் உயிர்நிலை.

ஆயினும் ஆசாரியர்கள் அகப்பற்று, புறப்பற்று என இருவகையாக இதனைப் பிரித்துக் காட்டினர். அகப்பற்று பதினான்கு: மித்தியாத்துவம் ஒன்று, கோபம் மானம் மாயை லோபம் என்னும் கசாயங்கள் நான்கு, நகை உவகை முதலிய நோகசாயங்கள் ஒன்பது. புறப்பற்று பத்து: நிலம், வீடு, செல்வம், தானியம், இருகாலின, நாற்காலின, ஊர்தி, படுக்கையும் இருக்கையும், துணிவகை, பாத்திரவகை என்பன. இப்பத்தனுள் 'யானம்' எனப்படும் ஊர்தி தனியே வைத்து எண்ணப்பட்டிருப்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். தேரும் வண்டியும் இருந்த காலத்திலேயே, மனிதன் தன் ஊர்தியின் மீது தனியான ஒரு பற்று வைப்பான் என்பதை ஆசாரியர்கள் அறிந்திருந்தனர்.

2. கனவுக் கார்

கார்களை விரும்புவோர் எதனைக் கண்டு மயங்குகின்றனர் என்பதை அறியாமல் அவர்களுக்கு அறம் கூறுவது பயன்தராது. ஆகவே சில கார்களைப் பற்றி ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இத்தாலி நாட்டின் ஃபெராரி நிறுவனம் தன் நாற்பதாம் ஆண்டின் நினைவாக 1987இல் எஃப் 40 என்னும் காரை வெளியிட்டது. நிறுவனர் என்சோ ஃபெராரி 1988இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் அவர் ஒப்புதல் பெற்று வெளிவந்த இறுதிக் கார் இதுவே. மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் செல்லவல்லது. ஆனால் அதனுள்ளே வானொலிப் பெட்டி இல்லை, தரைவிரிப்பு இல்லை, கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கயிறு மட்டுமே உண்டு. எடையைக் குறைப்பதற்காக இவ்வாறு செய்தனர்.

பிரிட்டனில் கார்டன் மர்ரி என்னும் பொறியாளர் வடிவமைத்த மெக்லாரன் எஃப் 1, 1992 முதல் 1998 வரை 106 மட்டுமே செய்யப்பட்டது. ஓட்டுநரின் இருக்கை நடுவில் அமைந்திருக்கும். இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இருவர் அமரலாம். 1998இல் இக்கார் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

2005இல் வந்த புகாட்டி வேய்ரான் இதனையும் விஞ்சியது. எட்டு லிட்டர் கொள்ளளவும் பதினாறு சிலிண்டர்களும் கொண்ட அதன் எஞ்சின் ஆயிரம் குதிரைத் திறனைத் தாண்டியது. வேகம் மணிக்கு 407 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓட்டினால் 100 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 12 நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

இவை மனித அறிவின் அரிய ஆக்கங்கள் என்பதில் ஐயம் இல்லை. ஒரு சிற்பத்தையோ ஓர் இசைக்கருவியையோ வியப்பது போல இவற்றை வியப்பதும் இயல்பே. ஆனால் இரண்டு உண்மைகளை மறத்தல் ஆகாது. முதலாவது, நம் சாலைகளில் சட்டம் இசைவளிக்கும் வேகம் வேய்ரானின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட எட்டாது. எஞ்சிய இரண்டு பங்கு வேகமும் வாங்கியவரின் கொட்டகையில் உறங்கிக் கிடக்கும். அதற்குத் தந்த விலை மட்டும் உறங்காது. இரண்டாவது, எஃப் 40 காரின் உள்ளே உள்ள எளிமை பொருளின் எளிமையே அன்றி, உடையவரின் எளிமை அன்று. தரைவிரிப்பு இல்லாத காரை ஒருவன் கோடிகள் தந்து வாங்குவான் எனில், அவன் துறந்தது விரிப்பை மட்டுமே.

3. அன்றாடக் கார்

மறுபுறத்தில் நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. தொடக்க விலை ஏறத்தாழ 47,500 ரூபாய். மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர் எஞ்சின். 2014 சனவரியில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை 25 இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. மகப்பேற்றுக்குப் பெண்ணை அழைத்துச் சென்றதும், முதியோரை மேல்சித்தாமூருக்கும் திருமலைக்கும் கொண்டு சென்றதும், பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்ததும் இத்தகைய சிறு கார்களே. எவர் அறையின் சுவரிலும் இதன் படம் ஒட்டப்படவில்லை. எனினும் பயன் என்னும் தராசில் இதற்கு இணையான கார் நம் நாட்டில் அரிது.

சிறிய கார் சிறுமையுடையது அன்று என்பதற்கு இங்கிலாந்தின் மினி ஒரு சான்று. 1956இல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்த பின்னர், குறைந்த எரிபொருளில் நான்கு பேர் செல்லத்தக்கதாக அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1959இல் வந்தது. எஞ்சினைக் குறுக்காக வைத்து இடத்தை மிச்சப்படுத்தினார். இதன் கூப்பர் வகை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் புகழ்மிக்க மான்டி கார்லோ பந்தயத்தில் பெரிய கார்களை வென்றது.

இடைவழியும் உண்டு. ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989இல் எம்எக்ஸ் 5 என்னும் இரண்டு இருக்கைக் காரை அறிமுகம் செய்தது. பெருவேகம் அதன் நோக்கம் அன்று. குறைந்த எடையும், நடுத்தர வருவாயினர் வாங்கத்தக்க விலையும், ஓட்டும் இன்பமுமே நோக்கம். 2016இல் அதன் எண்ணிக்கை பத்து இலட்சத்தை எட்டியது. அவ்வாறே ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் என்னும் குடும்பக் காரில் வலிமையான எஞ்சினைப் பொருத்தி 1976இல் வெளியிட்ட ஜிடிஐ வகை, முதலில் 5,000 மட்டுமே விற்கத் திட்டமிடப்பட்டு, முதல் தலைமுறையிலேயே நான்கு இலட்சத்தைத் தாண்டியது.

இன்னும் ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. மெக்லாரன் எஃப் 1 காரை வடிவமைத்த அதே கார்டன் மர்ரி, 2010இல் டி 25 என்னும் மிகச் சிறிய நகரக் காரின் மாதிரியைக் காட்டினார். அதிலும் ஓட்டுநர் நடுவில், மற்ற இருவர் பின்னால். நீளம் இரண்டரை மீட்டருக்கும் குறைவு. எடையைக் குறைத்தல், வீண் உறுப்பை நீக்குதல் என்னும் அதே அறிவுதான் இரண்டு கார்களையும் படைத்தது. ஒன்று விற்பனைக்கு வந்து புகழ்பெற்றது. மற்றொன்று விற்பனைக்கே வரவில்லை. அறிவு இரண்டிற்கும் பொதுவாக இருந்தது. உலகின் ஆசை மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

4. விரதத்தின் ஐந்து குற்றங்கள்

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தார் ஒழுக்கத்தைக் கூறும் தலைசிறந்த நூல். தமிழில் உள்ள அருங்கலச்செப்பு அதன் வழியில் அமைந்ததே. பொருள் வரைதல் விரதத்திற்கு நேரும் அதிசாரங்கள், அதாவது குற்றங்கள், ஐந்து என்று சமந்தபத்திரர் வகுத்துள்ளார். அவை அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவாகனம் என்பன. ஐந்தனுள் முதலும் இறுதியும் ஊர்தியைப் பற்றியனவாகவே அமைந்திருக்கின்றன.

அதிவாகனம்: பொருளாசையால் எருது முதலியவற்றை அவற்றின் ஆற்றலுக்கு மிஞ்சிய தொலைவு ஓட்டுதல். இயந்திர ஊர்திக்கு வலி இல்லை. ஆனால் சாலையில் செல்லும் உயிர்களுக்கு உண்டு. வேகம் இரு மடங்கானால் தடையிட்ட பின் வண்டி ஓடும் தொலைவு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. உலர்ந்த நல்ல சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், தடையை அழுத்திய பின் ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும் எனக் கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் 35 மீட்டரும், 120 கிலோமீட்டர் வேகத்தில் 79 மீட்டரும் தேவைப்படும். குறுக்கே வரும் நாயும், ஆடும், குழந்தையும் இந்தக் கணக்கை அறிய மாட்டா. அறிந்த நாமே அதற்குப் பொறுப்பு. இரவில் விரைவாகச் சென்ற காரின் முன்கண்ணாடியைக் காலையில் துடைப்பவர் எவரும் அதில் ஒட்டிக் கிடக்கும் சிற்றுயிர்களைக் காணத் தவற மாட்டார்.

அதிசங்கிரகம்: தேவைக்கு மேல் சேர்த்தல். ஒரு கார் போதுமான வீட்டில் இரண்டாவது கார் நிற்பதும், ஓடும் கார் நன்றாக இருக்கையில் புதிய வகை வந்தது என்று மாற்றுவதும் இதன்பாற்படும்.

விஸ்மயம்: பிறர் செல்வத்தைக் கண்டு வாய்பிளந்து நிற்றல் என்று இதற்குப் பொருள் கூறுவர். இக்காலத்தில் இதுவே பெரும் நோய். 2008இல் டாட்டா நிறுவனம் ஒரு இலட்சம் ரூபாய் விலையில் நானோ காரை அறிவித்தபோது, இருசக்கர வண்டியில் நான்கு பேராகச் செல்லும் குடும்பங்களுக்கு அது வரமாகும் என்று பலரும் எண்ணினர். பத்தாண்டுகளில் அதன் உற்பத்தி நின்றது. காரணங்கள் பல; ஆனால் மலிவான கார் என்ற பெயரே அதற்குக் கேடாயிற்று என்று அந்நிறுவனத்தின் தலைவரே பின்னர் வருந்தினார். மழையில் நனையாமல் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வசதியை விட, மலிவான காரில் வருகிறான் என்று பிறர் எண்ணிவிடுவார்களே என்ற அச்சம் பலருக்குப் பெரிதாயிற்று. பிறரை வியப்பவன், பிறர் தன்னை வியக்க வேண்டும் என்றும் விரும்புகிறான். லோபத்தின் பக்கத்தில் மானமும் வந்து அமர்ந்து கொள்கிறது.

லோபம்: கிடைத்த பின்னும் அடங்காத வேட்கை. 400 குதிரைத் திறன் உடையவன் 500ஐ நோக்குகிறான். 500 உடையவன் ஆயிரத்தை நோக்குகிறான். மேற்கூறிய கார்களின் வரலாறே இதற்குச் சான்று. ஒன்றின் வேகத்தை மற்றொன்று வென்றபோது, முதலாவதின் வேகம் குறையவில்லை. அதனை உடையவரின் மகிழ்ச்சியே குறைந்தது.

அதிபாரவாகனம்: தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல். ஆகமம் எருதின் முதுகைக் கருதிக் கூறியது. நாம் அதனைக் குடும்பத்தின் முதுகுக்கும் பொருத்திக் காணலாம். ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டியில் 6 இலட்சம் ரூபாயை ஐந்தாண்டுத் தவணையில் கடன் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 12,455 ரூபாய். மொத்த வட்டி 1,47,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதே வட்டியில் 20 இலட்சம் பெற்றால் மாதத் தவணை 41,517 ரூபாய். மொத்த வட்டி மட்டும் 4,91,000 ரூபாய். காப்பீடும், பெட்ரோலும், டயரும் இக்கணக்கில் சேரவில்லை. இந்த 4,91,000 ரூபாய்க்கு ஒரு மாணவியின் பட்டப் படிப்பே முடியலாம். கார் இவர் பெயரில். சுமை தங்கையின் தோளில். இதுவன்றோ அதிபாரம்?

5. பற்றின்றி வைத்திருக்கலாகாதா?

மூர்ச்சையே பரிக்கிரகம் எனில், விலையுயர்ந்த காரைப் பற்று இல்லாமல் வைத்திருக்கலாமே என்று வசதி படைத்த சிலர் வாதிப்பர். பரத சக்கரவர்த்தியை அவர்கள் எடுத்துக் காட்டுவர். எண்பத்து நான்கு இலட்சம் தேர்களை உடையவராயிருந்தும் பரதர் உள்ளத்தில் துறவியாக வாழ்ந்தார் அல்லரோ என்பர்.

இதற்கு விடை புராணத்திலேயே உண்டு. பரதர் அத்தேர்களை வைத்துக் கொண்டே கேவலஞானம் எய்தவில்லை. அனைத்தையும் நீக்கித் தீட்சை ஏற்ற பின்னரே எய்தினார். உள்ளத்தில் பற்று இல்லாதவர்க்குப் புறப்பொருளை விடுவது ஒரு நொடிச் செயல். அந்த நொடி வரும்போது விட முடியாதவன், முன்னரும் பற்றில்லாமல் இருந்தான் என்று கூறுவது தன்னைத் தானே ஏமாற்றுவதாகும்.

மேலும், அகப்பற்றை அளக்கக் கருவி இல்லை. புறப்பொருளை அளக்கலாம், எண்ணலாம், வரம்பு கட்டலாம். அதனாலேயே இல்லறத்தார்க்குப் புறப்பொருளின் அளவை வரையறுக்கும் விரதம் வகுக்கப்பட்டது. வேலி பயிர் அன்று. ஆயினும் வேலியில்லாப் பயிர் நிலைப்பதில்லை.

எளிய கார் உடையோரும் இங்கே தம்மைச் சோதித்துக் கொள்ள வேண்டும். அக்கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர், தம் பழைய சிறிய காரில் பக்கத்து வீட்டுச் சிறுவனின் மிதிவண்டி உராய்ந்ததற்காக அவனை அடித்துவிட்டதாகவும், அன்றிரவு பிரதிக்கிரமணம் செய்ய அமர்ந்தபோது உதடு அசைந்ததேயன்றி மனம் அசையவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அவர் காரின் விலை ஓர் இலட்சம் கூட இராது. மூர்ச்சை விலைப்பட்டியலைப் பார்த்து வருவதில்லை.

6. வாங்காத காரும் கட்டுமா?

இளைஞரின் முதற் கேள்விக்கு இனி வருவோம். வாங்க இயலாத காரை நினைத்து மகிழ்வது பரிக்கிரகம் ஆகுமா?

குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனின்றி விளைவிக்கும் தீங்கை விடுதல் என்பது இதன் பொருள். இதில் விலக்கப்படுவனவற்றுள் அபத்தியானம், பிரமாதசரியை என்னும் இரண்டும் நம் பாடத்திற்கு உரியவை. வெறுப்பினால் பிறர்க்குக் கேடு நினைத்தலும், விருப்பினால் பிறர்க்குரியவற்றை நினைந்து நினைந்து அதில் மூழ்குதலும் அபத்தியானம். பயனின்றி மண்ணை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றை அலைத்தல், செடிகொடிகளை வெட்டுதல், வீணே திரிதல், பிறரைத் திரியச் செய்தல் ஆகியன பிரமாதசரியை.

எஞ்சின் என்பது தீ மூட்டும் கருவியே. மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது 4,500 முறை உள்ளே தீப்பற்றுகிறது. பதினாறு சிலிண்டர் எஞ்சின் 6,000 முறை சுழலும்போது 48,000 முறை தீப்பற்றுகிறது. ஓரறிவு உயிர்களான தீயுடல் உயிர்களுக்கும் காற்றுடல் உயிர்களுக்கும் நேரும் துன்பத்தை இல்லறத்தார் முற்றும் நீக்க இயலாது. ஆனால் மருத்துவமனைக்குச் செல்ல மூட்டும் தீக்கும், பொழுதுபோக்கிற்காக நெடுஞ்சாலையில் மூட்டும் தீக்கும் வேறுபாடு உண்டு.

எனினும் அறிதல் வேறு, அவாவுதல் வேறு. எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது, எடை குறைந்தால் எரிபொருள் ஏன் குறைகிறது, மர்ரி ஏன் ஓட்டுநரை நடுவில் அமர்த்தினார் என்று ஆராய்வது ஞானத்தின் செயல். அதனால் எவர் பொருளும் குறைவதில்லை, எவ்வுயிரும் வருந்துவதில்லை. 'இது எனக்கு வேண்டும், இல்லையேல் என் வாழ்வு குறையுடையது' என்று எண்ணத் தொடங்கும்போதுதான் அறிவு முடிந்து மூர்ச்சை தொடங்குகிறது. அடையாளம் ஒன்று உண்டு. படத்தை மூடிவைத்த பின் நம் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டி முன்போலவே தோன்றினால் நாம் அறிந்தோம். அது அற்பமாகத் தோன்றினால் நாம் அவாவினோம்.

7. வரையறை செய்யும் முறை

இரண்டாவது கேள்வி, எது வரை போகலாம் என்பது. இதற்கு ஒரே தொகையை எல்லார்க்கும் கூற இயலாது. விரதம் தானே ஏற்பது. அளவும் தானே வகுப்பது. ஆனால் முறை ஒன்றே.

முதலாவது, வரம்பைக் கடைக்குச் செல்லும் முன்னரே கட்டுக. காட்சிக்கூடத்தின் விளக்கொளியில் செய்யும் முடிவு நம்முடையது அன்று, விற்பவருடையது. வீட்டில், குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, தொகையைத் தாளில் எழுதுக.

இரண்டாவது, தேவையை எண்ணிக்கையால் கூறுக. எத்தனை பேர், நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர், எந்தச் சாலை என்று எழுதினால், தேவை எது, வேட்கை எது என்பது தானே பிரிந்துவிடும்.

மூன்றாவது, கல்வி, மருத்துவம், தானம் ஆகியவற்றுக்குரிய பங்கை முதலில் ஒதுக்கிய பின்னரே ஊர்திக்குரிய பங்கைக் காண்க. எஞ்சியதில் தானம் செய்வோர்க்கு ஒருபோதும் எஞ்சுவதில்லை.

நான்காவது, இருக்கை உறை, ஓட்டுவளையம் ஆகியவை விலங்கின் தோலால் ஆனவையா என்று கேட்டறிக. விலையுயர்ந்த கார்கள் பலவற்றில் மாட்டுத் தோலே பெருமையாகக் காட்டப்படுகிறது. நாள்தோறும் தோலின் மீது அமர்ந்து ஆலயத்திற்குச் செல்வது நமக்குத் தகாது. துணி உறையும் செயற்கை உறையும் கிடைக்கின்றன. பெரும்பாலான எளிய கார்களில் துணி உறையே உண்டு என்பது நமக்கு வாய்ப்பே.

ஐந்தாவது, வாங்கிய பின்னும் பயன்பாட்டுக்கு வரம்பு கட்டுக. போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்தில் உணவு, ஊர்தி, படுக்கை, நீராடல் முதலியவற்றை ஒரு நாள், ஒரு பட்சம், ஒரு மாதம் என்று காலம் குறித்து விடும் முறையைச் சமந்தபத்திரர் கூறியுள்ளார். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் சொந்த ஊர்தியை எடுப்பதில்லை என்று ஏற்றுப் பாருங்கள். பெட்ரோல் ஒருமுறை துய்க்கும் போகம். கார் பலமுறை துய்க்கும் உபபோகம். இரண்டும் ஒருங்கே அடங்கும்.

நிறைவுரை

அடுத்த கூட்டத்திற்கு அந்த இளைஞர் ஒரு தாளுடன் வந்தார். வீட்டாருடன் அமர்ந்து எழுதிய கணக்கு அது. ஊர்திக்கு ஆறு இலட்சத்திற்கு மேற்படுவதில்லை. ஐந்தாண்டுகள் வரை மாற்றுவதில்லை. தங்கையின் கல்லூரிக் கட்டணம் முதல் வரியில். "ஐயா, அந்தக் காரின் படத்தை இன்னும் பார்க்கிறேன். அதை மறைக்க விரும்பவில்லை" என்றும் சொன்னார். அந்த வெளிப்படையே மாயை என்னும் கசாயம் தளர்ந்ததற்கு அடையாளம் என்று நாம் மகிழ்ந்தோம். சிறுவனை அடித்த பெரியவர் அவன் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டு வந்ததாகக் கூறினார். அன்றைய கூட்டத்தில் நாம் கற்பித்ததை விடக் கற்றதே மிகுதி.

செல்வம் வண்டிச் சக்கரம் போல் ஓரிடத்தில் நில்லாது சுழல்வது என்று நாலடியார் நமக்கு உணர்த்துகிறது. சுழலும் சக்கரத்தைப் பற்றிக் கொண்டவன் அதனோடு சுழல்வான். ஊர்தி நம்மைச் சுமக்கட்டும்; நாம் ஊர்தியைச் சுமக்க வேண்டா.

பயிற்சி வினாக்கள்

1. பரிக்கிரகத்தின் இலக்கணம் யாது? அகப்பற்று, புறப்பற்று எத்தனை?
2. பொருள் வரைதல் விரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. அறிதலுக்கும் அவாவுதலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
4. பரத சக்கரவர்த்தியின் வரலாற்றால் நாம் அறியும் உண்மை யாது?
5. உங்கள் குடும்பத்தாருடன் அமர்ந்து, ஊர்திக்கான வரம்பை ஒரு தாளில் எழுதுக. (இதனை எவர்க்கும் காட்ட வேண்டுவதில்லை.)

அறம் வளர்க!